மேற்கு பார்த்த பாறை

எங்கள் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது சைமி ரவுத்தியோவைத்தான். நீளமான மேசை, அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் விரித்துவைத்த ஏரிகளின் வரைபடம். அதன்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு நிற்பாள். தோணி வாடகைக்கு எடுக்க வந்தவர்கள், கூடாரம் எடுக்க வந்தவர்கள், மழைச்சட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கள் என்று எல்லாரும் கடைசியில் அந்த மேசைக்கு வந்துதான் ஆகவேண்டும். எந்த ஏரியில் இறங்குவது, எந்தக் கரையில் தூங்குவது என்பதைச் சொல்ல, காடும் ஏரியும் சூழ்ந்த எங்கள் அட்டிகோக்கன் ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

என் பெயர் வெர்னா. அதே கடையில் வண்டி ஓட்டுகிறேன். தோணிகளை இழுவண்டியில் ஏற்றிக் கட்டி, ஆட்களை ஏரித்துறையில் இறக்கிவிட்டு, சொன்ன நாளில் போய்த் திரும்ப அழைத்துவருவது என் வேலை. நாறிப்போன சட்டையும் சிரித்த முகமுமாக அவர்கள் கரையேறுவார்கள். குளிக்கக்கூட விடாமல் சைமி அவர்களை மேசைக்கு இழுத்துவிடுவாள்.

"எங்க தூங்கினீங்க? தரை சமமா இருந்துச்சா, இல்ல ராத்திரி பூரா உருண்டீங்களா? கரையில கல்லா மணலா? காலையில வெயில் டெண்ட் மேல எத்தனை மணிக்கு விழுந்துச்சு? பின்னாடி பட்டமரம் ஏதாச்சும் நிக்குதா?"

கேட்டதையெல்லாம் வரைபடத்தில் பென்சிலால் குறிப்பாள். நல்ல இடத்துக்குச் சிவப்பு வட்டம். பரவாயில்லை என்றால் நீலம். அடுத்து வருகிற ஆளைப் பார்த்து, அவருக்குத் தகுந்த வட்டத்தை அவருடைய வரைபடத்தில் போட்டுக்கொடுப்பாள். ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரி. ஒரு முறை ஒருவர் மேசையைத் தட்டி, "தவளை கத்தாத இடமா ஒண்ணு குடும்மா" என்றார். சைமி முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், மார்னி ஏரியில் மேற்குக் கரையோரம் இருக்கும் ஒரு குடாவைக் காட்டினாள். நாங்கள் இருவரும் அதற்கு வைத்திருந்த பெயர் 'கொசு விடுதி'.

"பாவம்டி அந்த ஆளு" என்றேன், அவர் போனபிறகு.

"தவளையக் கேட்டாரா? கேட்டார். கொசுவப் பத்திக் கேட்டாரா?" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆயிரம் பேரை ஏரிக்கு அனுப்பிய அந்தப் பெண்பிள்ளை ஐம்பத்தெட்டு வயது வரை ஒரு நாளும் தோணியில் ஏறியதில்லை. "நீங்க அந்த ஏரிக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், "போனவங்க எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க" என்பாள். அதில் பொய் எதுவும் இல்லை.

காரணம் ரெய்னோ. அவளுடைய கணவர். மர ஆலையில் ரம்பத்தோடு வாழ்ந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். அவருடைய தம்பி ஓலவி இருபத்திரண்டு வயதில், மே மாதம், பனி உருகி ஒரு வாரம்கூட ஆகாத தண்ணீரில் மீன்பிடிக்கப் போனான். சாயங்காலம் வருகிறேன் என்றவன் வரவில்லை. ரெய்னோ துறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் தோணி கிடைத்தது. நாலாம் நாள் ஓலவி கிடைத்தான்.

அதற்கு ஆறு வருஷம் கழித்து, சைமியைக் கல்யாணத்துக்குக் கேட்டபோது அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். "வீடு எங்க வேணும்னு சொல்லு, கட்டிடறேன். குடிக்கமாட்டேன். ஆனா நீ தோணியில மட்டும் ஏறக்கூடாது. இன்னொரு தடவை என்னால கரையில உக்காந்து காத்திருக்க முடியாது."

சைமி சரி என்றாள். இருபத்தேழு வயதில் அது பெரிய காரியமாகவே படவில்லை. அவள் வளர்ந்தது தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில். ஏரி என்றால் அவளுக்குக் குளிர்காலத்தில் மேலே நடந்துபோகிற வெள்ளைத் தரை, அவ்வளவுதான்.

ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம், ஒரே ஒரு கோடைக்கு மட்டும் என்று சொல்லி மேசைக்கு வந்தாள். அப்புறம் போகவில்லை. ஆசை அவளுக்குக் காது வழியாகத்தான் வந்தது. வருஷத்துக்கு ஐந்து மாதம், நாள் தவறாமல், யாராவது ஒருவர் வந்து தான் படுத்துறங்கிய கரையை அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்த ஏரிகளெல்லாம் நெருக்கமாகிவிட்டன, ஒரு துளி நனையாமலேயே.

எல்லாவற்றிலும் ஒன்று தனி. மார்னி ஏரியின் வடக்கே, கிழக்குக் கரையிலிருந்து ஒரு பாறை மூக்குமாதிரி நீண்டிருக்கும். மேற்கு பார்த்தது. பாறை மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும், தோணியைக் கீறாமல் ஏற்றலாம். மேலே சிவப்புப் பைன் மரங்கள், அவற்றின் நடுவே ஊசியிலை மெத்தைபோல் விழுந்து கிடக்கிற சமதரை. கூடாரம் இரண்டு போடலாம். காற்று நேராக வருவதால் கொசு அண்டாது. அங்கே தங்கிவிட்டு வந்தவர்கள் மேசைக்கு வரும்போது குரலைத் தணித்துப் பேசுவார்கள். ஒரு பல் வைத்தியர், பெரிய உடம்புக்காரர், "பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா என் பொண்டாட்டி பாடினா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சைமி அன்று அவரிடம் தரை சமமாக இருந்ததா என்று கேட்கவில்லை.

அந்தப் பாறைக்கு அவள் எல்லாருக்கும் வட்டம் போடமாட்டாள். கோடையில் நாலு பேருக்கோ ஐந்து பேருக்கோதான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் மார்ச் மாதம். வெளியே இடுப்பளவு பனி. கடையில் சரக்கு சரிபார்க்கிற வேலை. பின்கட்டில் கயிறுகளை எண்ணிவிட்டு நான் முன்னால் வந்தபோது, விற்பனைக்காகத் தரையில் வைத்திருந்த பச்சைத் தோணிக்குள் சைமி உட்கார்ந்திருந்தாள். முன்பக்கத்து இருக்கை. கையில் துடுப்பு. சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டிருக்கே?" என்றேன்.

அவள் திடுக்கிட்டு, பிறகு சிரித்தாள். "காத்து எதிர்ல அடிக்குதுடி. நகரவே மாட்டேங்குது."

நானும் சிரித்தேன். அப்போதுதான் வாசற்கண்ணாடியில் ஒரு நிழல் விலகுவதைப் பார்த்தேன். கதவைத் திறந்தால் படியில் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கு. ரை மாவு ரொட்டியும் புகைபோட்ட மீனும், இன்னும் சூடாறாத காப்பியும். ரெய்னோவின் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் கழித்து, காலையில் அவள் மேசைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நேத்து சாப்பிட்டுக்கிட்டே சொல்றாரு வெர்னா. 'செப்டம்பர்ல கடை ஓஞ்சதும் போயிட்டு வா'ன்னு. எங்கன்னு கேட்டேன். 'உனக்குத் தெரியும் எங்கன்னு'ங்கறாரு."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயமா? முப்பத்தியோரு வருஷம்! எனக்கு அம்பத்தெட்டு வயசாகுது. முழங்கால் போச்சு. இப்ப வந்து உப்ப நகர்த்தி வைக்கிற மாதிரி சொல்றாரு, போயிட்டு வான்னு. இத முப்பது வயசுல சொல்லியிருந்தா என்ன? தட்ட எடுத்துப் போட்டேன் பாரு தொட்டியில, ரெண்டா போச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"உடஞ்சத எடுத்து ஒட்டிக்கிட்டிருந்தாரு." கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். "நீ என்கூட வருவியா?"

செப்டம்பர் இரண்டாவது வாரம் புறப்பட்டோம். பிர்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. ஐந்து நாள் திட்டம். இரண்டு நாளில் மார்னி, அங்கே இரண்டு இரவு, ஐந்தாம் நாள் மதியம் துறைக்குத் திரும்புவது. ரெய்னோ எங்களை வழியனுப்பத் துறைக்கு வரவில்லை. வீட்டு வாசலிலேயே நின்று, சைமியின் மிதவைச் சட்டையின் வார்களை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கினார்.

"மூச்சு விடணும்யா நானு" என்றாள்.

"விட்டுக்கோ" என்றார்.

அவள் முன்னால், நான் பின்னால். தோணி கரையைவிட்டு வழுக்கி இறங்கியபோது அவள் இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிஷம் துடுப்பைத் தொடவே இல்லை. பிறகு ஒரு கையைத் தண்ணீரில் விட்டாள். அதன்பின் அன்று முழுக்க அவளைப் பேசவைக்க முடியவில்லை, துடுப்பை நிறுத்தவைக்கவும் முடியவில்லை. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் தோணியைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து நடக்கிற இரண்டு பாதைகளிலும், மூட்டையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போனாள், அந்தப் போன முழங்காலோடு.

தங்குமிடம் பார்க்கத் தொடங்கியபோதுதான் வந்தது வினை. காட்டில் பழகினவர்களின் வழக்கம், மூன்று மணிக்குமேல் கண்ணில் படுகிற முதல் சுமாரான இடத்தில் இறங்கிவிடுவது. மேசைக்குப் பின்னால் நின்று ஆயிரம் பேருக்கு அதைத்தான் சைமியும் சொல்லியிருக்கிறாள். அவளோ முதல் இடத்தைப் பார்த்து, "இது தரை சரிவு" என்றாள். உண்மைதான். இரண்டாவது இடத்தில் இறங்கி, அண்ணாந்து மரங்களைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். கூடாரத் தரைக்கு நேர் மேலே ஒரு பட்ட ஸ்ப்ரூஸ் மரம், வேர் பாதி கிளம்பி, பக்கத்து மரத்தின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தது. "இது தூங்கும்போது மேல வந்து படுக்கும்" என்றாள். அதுவும் உண்மை. மூன்றாவது இடத்தில் ஒரு குறையும் இல்லை.

"என்ன இதுல?" என்றேன்.

"தெரியல. இன்னும் ஒண்ணு பாக்கலாமே."

"சைமி, மணி அஞ்சேகால். என் தோள் கழண்டு விழுது."

"வட்டம் போடறது சுலபம்டி. இங்க நின்னு பாத்தா, இத எடுத்தா அத விட்டமாதிரி இருக்கு. முப்பது வருஷமா எல்லாத்துலயும் நானே படுத்துத் தூங்கின மாதிரி இருந்துச்சு. இப்ப ஒண்ணுலதான் படுக்க முடியும்."

எனக்குக் கோபம் வந்தது, போய்விட்டது. நாலாவது இடத்தில் இருட்டுக்குச் சற்று முன்னால் இறங்கினோம். அது சுமார்தான். ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டு, சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாத கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் மூன்று மணிக்கு மார்னி ஏரிக்குள் நுழைந்தோம். நீண்ட ஏரி. தூரத்தில், வடக்கே, அந்தப் பாறை வெயிலில் ரோஜா நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. பைன் மரங்களை எண்ணலாம் போலிருந்தது. சைமி துடுப்பை மடியில் வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்தாள். நான்தான் தள்ளிக்கொண்டு போனேன்.

பாறையை நெருங்க நெருங்க, மரங்களுக்கு நடுவில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. கூடாரம். கரையில் கவிழ்த்த தோணி, எங்கள் கடைத் தோணி, பக்கவாட்டில் எண் பதினேழு.

இரண்டு கிழவிகள் பாறை விளிம்புக்கு வந்து கையசைத்தார்கள். எனக்கு அடையாளம் தெரிந்தது. வின்னிபெக்கிலிருந்து வந்த அக்கா தங்கை, எட்னாவும் ஹேசலும். எழுபதைத் தாண்டியவர்கள். நாலு நாள் முன்னால் நான்தான் வேறொரு துறையில் இறக்கிவிட்டேன். சைமிக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போய், சிவப்புப் பென்சிலை எடுத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது.

"அடடே, நம்ம கடைக்கார அம்மா!" என்றாள் எட்னா, மூத்தவள். "நீ சொன்னமாதிரியே இருக்கும்மா. ஒரு சொல் கூட்டியும் இல்ல, குறைச்சும் இல்ல."

"நல்லாத் தூங்கினீங்களா?" என்றாள் சைமி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நான் தூங்கறேன். இவ தூங்கறதே இல்ல. இனிமே எங்க வரப்போறோம், அதனால முழிச்சிருந்து பாக்கறேங்கறா. இறங்குங்க, காப்பி போடறேன். இடம் இருக்கு, இங்கயே டெண்ட் போடுங்க."

அவர்கள் மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவர் பிடித்த கரையில் இன்னொருவர் படுப்பதில்லை. அந்தத் தனிமைக்காகத்தானே அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

"இல்லம்மா. நாங்க இன்னும் கொஞ்சம் மேல போறதா இருந்தோம்" என்றாள் சைமி.

பாறையை விட்டு விலகியதும் தோணி முன்பக்கம் லேசாக ஆடியது. அவள் முதுகு குலுங்குவதை நான் பார்த்தேன். துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அந்தச் சின்னவ காலைப் பாத்தியா? ரெண்டு காலும் வீங்கியிருக்கு. இவ்ளோ தூரம் வந்திருக்கு பாரு" என்றாள்.

ஏரியில் வேறு மூன்று இடங்கள் இருந்தன. வடக்கே ஒரு தீவு, சுமாரான இடம், நீல வட்டம். நான் தோணியை அந்தப் பக்கம் திருப்பினேன். சைமி மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. வால் மாதிரி நாலைந்து கீற்று, அவ்வளவுதான். ஆனால் மத்தியானம் வரை இருந்த காற்று அடியோடு நின்றிருந்தது.

"தீவு வேணாம் வெர்னா. திருப்பு."

"எங்க?"

"கொசு விடுதிக்கு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"செப்டம்பர்ல கொசு ஏது? மேற்குலேந்து பெருசா வரப்போகுது. அந்தக் குடாவுக்குப் பின்னால மலை இருக்கு. தீவுல ஒரு பக்கமும் மறைப்பு கிடையாது."

எனக்கு வானத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் முதல் தடவையாக அவள் குரலில் தயக்கம் இல்லை. திருப்பினேன்.

அந்தக் கரையில் இறங்க மணல் கிடையாது, சேறு. கூடாரத் தரை குறுகல், மேலெல்லாம் வேர். ஆனால் சைமி ஒரு சுற்று சுற்றிவிட்டு, இரண்டு பட்ட பிர்ச் மரங்களைத் தவிர்த்து, மலைச்சரிவை ஒட்டிய ஒரு மேட்டில் குதிகாலால் தரையைத் தட்டி, "இங்க. மழைத் தண்ணி ரெண்டு பக்கமும் ஓடிடும்" என்றாள். ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்குக் காற்று வந்தது. அதற்குப் பெயர் காற்று என்று சொல்வதா என்று தெரியவில்லை. மலைக்கு மேலே ரயில் போகிறமாதிரி இரண்டு நாள் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் கூடாரத்துணி அசைந்ததே தவிரப் பறக்கவில்லை. நடு ஏரியில் அலைகள் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கிழக்கே ஓடின. தோணியை இறக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தீவில் இரண்டு மரம் முறிந்து விழுந்ததை நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தோம்.

எதிரே, அந்தப் பாறை. காற்று நேராக அதன் மூக்கில் மோதிக்கொண்டிருந்தது. கிழவிகள் கூடாரத்தைப் பிரித்து மரங்களுக்குள்ளே பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். நீலப்புள்ளி தெரிகிறதா என்று சைமி மணிக்கொரு தடவை பார்த்தாள். அதைப் பார்த்தபிறகும் பார்வையை எடுக்கமாட்டாள். நான் சீட்டுக்கட்டை எடுத்தேன். இரண்டு ஆட்டம் ஆடினாள், இரண்டிலும் தோற்றாள்.

"கிட்ட வந்து பாக்கறது இன்னும் மோசம்டி" என்றாள் ஒரு தடவை. "மேசையில இருந்தப்ப அது ஒரு கதை. இப்ப அந்த மூணாவது மரம் லேசா வளைஞ்சிருக்கறது வரைக்கும் தெரியுது."

நாலாம் நாளும் காற்று நிற்கவில்லை. அன்று காலையிலேயே நாங்கள் திரும்பக் கிளம்பியிருக்க வேண்டும். பிற்பகலிலிருந்து அவள் பாறையைப் பார்ப்பதைவிட அதிகமாக, நாங்கள் வந்த தென்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஐந்தாம் நாள் விடியும்போது ஏரி கண்ணாடி. லூன் பறவை ஒன்று எங்கள் குடாவுக்குள்ளேயே வந்து கூவிவிட்டுப் போனது. நாங்கள் காப்பி குடிப்பதற்குள் கிழவிகளின் தோணி ஏரியைக் கடந்து எங்களிடம் வந்தது. மூட்டை கட்டிவிட்டிருந்தார்கள்.

"நாங்க கிளம்பறோம்மா" என்றாள் எட்னா. "வடக்குத் துறைக்கு. இடம் உங்களுக்குத்தான். காஞ்ச விறகு அடுக்கி, மேல பட்டை போட்டு மூடி வச்சிருக்கேன்."

அவர்கள் போனபிறகு நான் சொன்னேன்: "கால்மணி நேரம்கூட ஆகாது, சைமி. ஏறி நின்னுட்டாவது வந்திடலாம். ஒரு மணி நேரம் உக்காரு. எப்படியும் நாம லேட்டுதான்."

அவள் எழுந்து தண்ணீர் விளிம்புவரை போனாள். பாறைமேல் வெயில் அப்போதுதான் மரங்களின் உச்சியில் பட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆளில்லாத பாறை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. காப்பி ஆறிவிட்டது.

"வேணாம்டி" என்றாள். "இன்னிக்கு மத்தியானம் வரோம்னு சொல்லியிருக்கோம். அவரு போய் உக்காந்திருப்பாரு."

"எங்க? துறையிலயா? அந்த மனுஷன் முப்பது வருஷமா அந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்ததில்லயே."

"உக்காந்திருப்பாரு. டெண்ட்ட மடி."

நான் அவ்வளவு வேகமாகத் துடுப்புப் போட்டது என் வாழ்நாளில் இல்லை. முன்னால் ஐம்பத்தெட்டு வயதுக்காரி, கை கொப்புளம் உடைந்து துடுப்புப்பிடி ஈரமாகியும் நிறுத்தவில்லை. அன்று இருட்டும்வரை போய், வழியில் ஒரு கற்கரையில் நாலு மணிநேரம் கண்ணயர்ந்துவிட்டு, ஆறாம் நாள் காலை எட்டுமணி சுமாருக்குக் கடைசி வளைவைத் திரும்பினோம்.

துறையில் ரெய்னோவின் வண்டி நின்றது. கதவு திறந்திருந்தது. அவர் வண்டியில் இல்லை. தண்ணீரை ஒட்டி, கவிழ்த்துப்போட்ட ஒரு மீன்கூடைமேல், முழங்காலில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், கையசைக்கவில்லை. தோணி மணலைத் தொட இன்னும் பத்தடி இருக்கும்போதே, பூட்ஸோடு முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி வந்து முன்விளிம்பைப் பிடித்தார். பிடித்தவர் இழுக்கவில்லை. அப்படியே நின்றார். முகத்தில் இரண்டு நாள் வெள்ளைத் தாடி.

"காத்து" என்றாள் சைமி.

"தெரியும்" என்றார்.

"நல்ல மறைவா டெண்ட் போட்டிருந்தோம். நான்தான் இடம் பாத்தேன்."

"ம்."

"ரெய்னோ, நான் நனையக்கூட இல்ல."

அவர் தலையாட்டினார். பிறகு அவள் கையைப் பார்த்து, உள்ளங்கையைத் திருப்பி, கொப்புளங்களைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினார். நான் பின்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவுகிறமாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன்.

அந்தக் குளிர்காலம் அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. 'நான் மறுபடி போவேன்' என்று அவள் சொன்னதும், 'சரி' என்று அவர் சொன்னதும் தெரியும். மறு வருஷம் என் தோளில் அறுவை சிகிச்சை. அதற்கு அடுத்த செப்டம்பரில் போனோம்.

பாறை காலியாக இருந்தது. மூன்று இரவு தங்கினோம். சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் சூரியன் நேர் எதிரே இறங்கியபோது பாறை முழுக்கச் சூடாக இருந்தது, வெறுங்காலோடு படுத்தால் எழ மனம் வராது. சைமி சிரித்தாள், அழுதாள், குளித்தாள், அவித்த உருளைக்கிழங்கைத் தோலோடு தின்றாள். முதல் நாள் அவளைப்போல் மனம் நிறைந்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் சாப்பாட்டுக்கு நடுவில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெய்னோவா இருந்தா, அடுப்ப அந்தக் கல்லுக்குப் பின்னால வச்சிருப்பாரு" என்றாள். "பாரு, புகை நம்ம கண்ணுலயே வருது. அவருக்கு இதெல்லாம் பாத்தவுடனே தெரியும். ஓலவி போறவரைக்கும் அவங்க ரெண்டு பேரும் இந்த ஏரி அத்தனையிலயும் சுத்தினவங்க. இந்தப் பாறையிலகூடப் படுத்திருப்பாரு. கேட்டதே இல்ல நான்."

மூன்றாம் நாள் அவள் மேற்கைப் பார்க்கவில்லை. நாங்கள் வந்த பக்கமாக, தெற்கே, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் வீட்டில் அவர் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பாறைக்கு ஏங்கினவள், பாறைக்கு வந்தபிறகு அவருக்கு ஏங்கினாள். நான் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது, "ஆமாடி, எனக்கு மட்டும் எதையும் ஒண்ணா குடுக்கமாட்டாங்க" என்று அவளும் சிரித்தாள். ஆனால் அடுப்பை அன்றே கல்லுக்குப் பின்னால் மாற்றிவைத்தாள்.

அதன்பின் ஒவ்வொரு ஏப்ரலிலும், ஏரியில் பனி உடைகிற வாரம், அவரிடம் கேட்பாள்: "இந்த வருஷம் வர்றியா?" அவர் ஒவ்வொரு ஏப்ரலிலும் இல்லை என்று தலையசைப்பார். செப்டம்பரில் நாங்கள் இருவரும் போவோம். திரும்புகிற நாள் காலையிலேயே அவர் துறைக்கு வந்துவிடுவார். மடக்கு நாற்காலி, காப்பிக் குடுவை, செய்தித்தாள். செய்தித்தாளைப் பிரித்த அடையாளம் ஒரு தடவையும் இருந்ததில்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் அவர் தலையசைக்கவில்லை. "மார்னிக்குப் போற வழியில ரெண்டாவது சுமைப்பாதையில ஒரு பெரிய கல் இருக்குமே, நடுவுல பிளந்தது. இன்னும் இருக்கா?" என்று கேட்டாராம்.

"இருக்கு" என்றாளாம் இவள்.

"ஓலவி அதுமேல ஏறி நிப்பான்" என்றாராம். அவ்வளவுதான். எழுந்து, சௌனா என்ற நீராவிக் குளியலுக்கு விறகு பிளக்கக் கொல்லைக்குப் போய்விட்டார்.

மறுநாள் சைமி இதைச் சொல்லிக்கொண்டே கடைத் தோணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் சுவரோரம் இருந்த அகலமான ஒன்றின்முன் நின்றாள். மூன்று பேர் உட்காரக்கூடியது.

"இத இந்த செப்டம்பருக்கு யாருக்கும் குடுக்காதே" என்றாள். "வர்றாரோ இல்லியோ, இருக்கட்டும்."

நான் ஒரு அட்டைச் சீட்டில் அவள் பெயரை எழுதி, அந்தத் தோணியின் குறுக்குச்சட்டத்தில் கட்டிவைத்தேன். இன்று ஜூலை பத்து. அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.